எத்தனை புள்ளிக்கு ஆடுவது? இரட்டையர் லீக்கின் கணக்கு

பத்துமலைக்கு அருகே ஒரு தாமான். பள்ளி விடுமுறைக்கு அங்கே இரட்டையர் பூப்பந்து லீக் நடத்த வேண்டும். ஏற்பாட்டுப் பொறுப்பு உங்களிடம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஜோடிகள் பெயர் கொடுத்துவிட்டன. உள்ளரங்கில் இரண்டு ஆட்டக்களங்களை நான்கு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தாயிற்று. பந்தும் வாங்கியாயிற்று. ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் விடை இல்லை: எத்தனை புள்ளிக்கு ஆடுவது?

"இதில் என்ன யோசனை? தொலைக்காட்சியில் பார்ப்பதுபோல 21 புள்ளி, மூன்றுக்கு இரண்டு செட்" என்று நண்பர்கள் சொல்வார்கள். அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். புள்ளி விதி என்பது யார் முன்னால் இருக்கிறார் என்று எண்ணிச் சொல்வதோடு நிற்பதில்லை. திறமைசாலி வெல்வதற்கு எவ்வளவு வாய்ப்பு, பலவீனமான ஜோடிக்கு எவ்வளவு நம்பிக்கை, ஆடுபவர்கள் நேர்மையாக ஆடுவார்களா என்பது வரை அதுதான் தீர்மானிக்கிறது. எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நான்கு மணி நேரம் போதுமா?

எட்டு ஜோடிகளில் ஒவ்வொன்றும் மற்ற ஏழுடன் ஒருமுறை மோத வேண்டும். 8 × 7 = 56. ஒவ்வோர் ஆட்டத்தையும் இதில் இருமுறை எண்ணிவிட்டோம். ஆகவே இரண்டால் வகுத்தால் 28 ஆட்டங்கள். ஆட்டக்களங்கள் இரண்டு என்பதால் 14 சுற்றுகள்.

சமபலமுள்ள இரண்டு ஜோடிகள் 21 புள்ளி செட் ஒன்றை ஆடினால், இரு பக்கமும் சேர்த்துச் சராசரியாக 37 புள்ளிகள் ஆகும். ஒரு புள்ளிக்கு, பந்தை எடுத்து வந்து சர்வீஸ் போடும் நேரத்தையும் சேர்த்து, 20 விநாடி என்று கொள்வோம். ஒரு செட்டுக்கு ஏறத்தாழ 12 நிமிடம். ஜோடிகள் மாறி உடலைச் சூடேற்றிக்கொள்ள 5 நிமிடம் சேர்த்தால் 17 நிமிடம். 14 சுற்றுக்கு 238 நிமிடம். நான்கு மணி நேரத்துக்குள் இரண்டே நிமிட மிச்சத்தில் லீக் முடிந்துவிடும்.

ஆனால் இது ஆட்டத்துக்கு ஒரே ஒரு செட் ஆடினால்தான். மூன்றுக்கு இரண்டு செட் என்றால் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 35 நிமிடம் ஆகும். மொத்தம் எட்டு மணி நேரத்துக்கு மேல். 15 புள்ளி செட்டாகக் குறைத்து மூன்றுக்கு இரண்டு ஆடினால் ஏறத்தாழ ஆறு மணி நேரம்.

அப்படியானால் ஒரே செட்டோடு முடித்துவிடலாமா? முடிக்கலாம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

சிறு பலம் பெரிதாகும் விதம்

சர்வீஸில் தொடங்கி பந்து தரையைத் தொடும் வரை நடப்பது ஒரு ரேலி. 'அ' ஜோடி 'ஆ' ஜோடியைவிடச் சற்றுத் திறமையானது. நூறு ரேலி ஆடினால் 55ஐ வெல்லும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு ரேலியை வெல்லும் நிகழ்தகவு 0.55. தோற்கும் நிகழ்தகவு 0.45.

ஒரே ரேலியில் ஆட்டம் முடியும் என்றால் 'அ' வெல்லும் வாய்ப்பு 55 விழுக்காடு. மூன்று ரேலிகளில் இரண்டை வென்றால் போதும் என்றால்? வெல்வதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் இரண்டையும் வெல்லலாம்: 0.55 × 0.55 = 0.3025. அல்லது வென்று, தோற்று, வெல்லலாம்: 0.55 × 0.45 × 0.55 = 0.1361. அல்லது தோற்று, வென்று, வெல்லலாம்: அதுவும் 0.1361. மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 0.575. 55 ஆக இருந்தது 57.5 ஆகிவிட்டது.

ரேலிகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்த எண் ஏறிக்கொண்டே போகும். பத்துமலையின் 272 படிகளை நினைத்துப் பாருங்கள். முதல் ஐந்து படிகளில் யார் வேண்டுமானாலும் முந்தலாம். உச்சிக்குப் போய்ச் சேரும்போது யாருக்கு மூச்சு அதிகம் என்பது தெரிந்துவிடும். நீண்ட ஆட்டத்தில் அதிர்ஷ்டம் கரையும், திறமை தங்கும்.

ரேலிக்கு 55 விழுக்காடு பலமுள்ள 'அ' ஜோடி வெல்லும் வாய்ப்பு ஒவ்வொரு விதியிலும் இப்படி அமைகிறது:

11 புள்ளி, ஒரே செட்: 69 விழுக்காடு
15 புள்ளி, ஒரே செட்: 71 விழுக்காடு
21 புள்ளி, ஒரே செட்: 75 விழுக்காடு
15 புள்ளி, மூன்றுக்கு இரண்டு: 80 விழுக்காடு
11 புள்ளி, ஐந்துக்கு மூன்று: 82 விழுக்காடு
21 புள்ளி, மூன்றுக்கு இரண்டு: 84 விழுக்காடு

ஒரே இரண்டு ஜோடிகள், ஒரே திறமை. விதி மட்டும்தான் மாறியது. 11 புள்ளி ஒரே செட்டில் 'ஆ' ஜோடிக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு இருந்தது. 21 புள்ளி மூன்று செட் விதியில் அது ஆறில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

'அ' ஜோடி இன்னும் கொஞ்சம் பலமாகி, ரேலியில் 60 விழுக்காட்டை வென்றால்? 21 புள்ளி ஒரே செட்டில் அதன் வாய்ப்பு 91 விழுக்காடு. மூன்றுக்கு இரண்டு செட்டில் 98. பத்து ரேலியில் நான்கை வெல்லும் ஜோடியைப் பார்த்தால் நன்றாகப் போராடுவது போலத்தான் தெரியும். ஆனால் ஐம்பது ஆட்டம் ஆடினால் ஒன்றில்தான் வெல்லும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒவ்வொரு ரேலியும் முந்தைய ரேலியைச் சாராதது என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது. உண்மையான ஆட்டத்தில் களைப்பு உண்டு, பதற்றம் உண்டு, ஜோடிக்குள் சண்டையும் உண்டு. ஆகவே இந்த எண்களைத் திசைகாட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். ஐந்தாம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுப்பவர்கள் ஈருறுப்புப் பரவல் படிக்கும்போது இவற்றை நீங்களே சரிபார்க்கலாம்.

கோலாலம்பூரில் இருக்கும் சம்மேளனம்

உலகம் முழுவதும் பூப்பந்துக்கு விதி வகுக்கும் அமைப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? நம் கோலாலம்பூரில்தான். 1934இல் தொடங்கப்பட்ட அனைத்துலகச் சம்மேளனம் 2005இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமிலிருந்து இங்கே மாறி வந்தது. மறு ஆண்டு உலகப் பூப்பந்துச் சம்மேளனம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்த 2006ஆம் ஆண்டில்தான் விதியும் மாறியது. அதற்கு முன்பு சர்வீஸ் போடும் பக்கம் ரேலியை வென்றால் மட்டுமே புள்ளி. எதிர்ப்பக்கம் வென்றால் சர்வீஸ் உரிமை கைமாறுமே தவிர புள்ளி ஏறாது. இரட்டையரில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பேரும் சர்வீஸ் போடும் வாய்ப்பு இருந்ததால் சில நேரம் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும், புள்ளி அசையாது. 1992இல் நெகாரா அரங்கில் மலேசியா தாமஸ் கிண்ணத்தை வென்றபோது ஆடியது அந்த விதியில்தான். வீட்டில் தாத்தாவையோ அப்பாவையோ கேட்டுப் பாருங்கள். 15 புள்ளிக் காலத்தை அவர்கள் விவரிப்பார்கள்.

2006 முதல் யார் சர்வீஸ் போட்டாலும் ரேலியை வென்றவருக்குப் புள்ளி. ஒரு செட்டுக்கு 21. 20-20 என்றால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். 29-29 வரை போனால் அடுத்த புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. இரட்டையரில் சர்வீஸ் வாய்ப்பும் பக்கத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. யார் எங்கிருந்து போடுவது என்ற குழப்பத்தையும் கணிதம் தீர்த்துவிட்டது. தங்கள் புள்ளி இரட்டைப்படை என்றால் வலது கட்டத்திலிருந்து, ஒற்றைப்படை என்றால் இடது கட்டத்திலிருந்து.

அதோடு விவாதம் ஓயவில்லை. 11 புள்ளி, ஐந்துக்கு மூன்று செட் என்ற மாற்றம் 2018இலும் 2021இலும் வாக்கெடுப்புக்கு வந்தது. இரண்டு முறையும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிட்டவில்லை. 2025இல் 15 புள்ளி, மூன்றுக்கு இரண்டு செட் என்ற முறையைச் சில போட்டிகளில் சோதித்தார்கள். மேலே உள்ள பட்டியலை மீண்டும் பாருங்கள். 84 எங்கே, 80 எங்கே. நான்கு விழுக்காடுதான். ஆனால் அந்த நான்கு, முன்னணியில் இருப்பவரின் கையிலிருந்து பின்னால் துரத்தி வருபவரின் கைக்குப் போகிறது. 2025 உலகப் போட்டியின் மகளிர் இரட்டையரில் வெள்ளி வென்ற நம் பெர்லி டான் - எம். தீனா போன்ற ஜோடிக்கு, தன்னைவிடத் தரவரிசையில் உயர்ந்தவரைச் சந்திக்கும் நாளில் குறுகிய விதி நண்பன். தாழ்ந்தவரைச் சந்திக்கும் நாளில் அதுவே ஆபத்து.

அதிகப் புள்ளி எடுத்தும் தோற்கலாம்

21-19, 8-21, 21-19. இந்த ஆட்டத்தில் வென்றவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 50. தோற்றவர் எடுத்தவை 59! செட்டாகப் பிரித்து எண்ணும் எந்த விதியிலும் இது நடக்கும்.

டென்னிஸில் பெரிய மேடையிலேயே நடந்திருக்கிறது. 2019 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ஃபெடரர் 218 புள்ளிகள் எடுத்தார். ஜோகோவிச் 204. கிண்ணம் ஜோகோவிச்சுக்கு. 2010இல் அதே விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் மூன்று நாள்களில் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். 502 புள்ளி எடுத்த மஹூ தோற்றார். 478 எடுத்த இஸ்னர் வென்றார். இது அநியாயமா? இல்லை. எந்தப் புள்ளி கனமானது என்பதை விதி முன்கூட்டியே சொல்லிவிட்டது. அந்தக் கனமான புள்ளிகளை எடுத்தவர் வென்றார்.

வாடகை மணி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளரங்கில் டென்னிஸ் இரட்டையர் லீக் நடத்துவோருக்கும் நம் தலைவலிதான். டென்னிஸில் 40-40 ஆனால் 'டியூஸ்'. இரண்டு புள்ளி முன்னிலை வரும் வரை அந்த கேம் முடியாது. சமபலமுள்ளவர்கள் ஆடினால் பத்தில் மூன்று கேம் டியூஸுக்குப் போகும். போனால் சராசரியாக இன்னும் நான்கு புள்ளிகள் ஆகும். இதைத் தவிர்க்க, 40-40 ஆனதும் அடுத்த புள்ளியோடு கேமை முடித்துவிடும் விதி ஒன்று உண்டு. ஏடிபி ஆண்கள் இரட்டையர் போட்டிகளில் இரண்டாயிரத்தாம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து இதுதான் வழக்கம். மூன்றாம் செட்டுக்குப் பதிலாக 10 புள்ளி 'டை-பிரேக்' ஒன்றும் அங்கே உண்டு.

டியூஸை நீக்கினால் திறமைசாலிக்கு எவ்வளவு நட்டம்? 55 விழுக்காடு பலமுள்ள ஜோடி ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு, டியூஸ் இருந்தால் 62 விழுக்காடு, இல்லாவிட்டால் 61. இவ்வளவு குறைந்த விலையில் இவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் விதி அபூர்வம். எல்லாக் குறுக்கு வழியும் ஒரே விலை கேட்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

குழுவாகப் பிரித்தால் என்ன ஆகும்?

நம் லீக்குக்குத் திரும்புவோம். இப்போது ஒருவர் நல்ல யோசனை சொல்கிறார்: "எட்டு ஜோடிகளை நான்கு நான்காக இரண்டு குழுவாகப் பிரிப்போம். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடம் பெறுபவர்கள் அரையிறுதிக்குப் போகட்டும்."

கணக்குப் பார்ப்போம். குழுவுக்கு 6 ஆட்டங்கள், இரண்டு குழுவுக்கு 12. இரண்டு ஆட்டக்களங்களில் 6 சுற்று. அரையிறுதிக்கு ஒரு சுற்று, இறுதிக்கு ஒன்று. மொத்தம் 8 சுற்று. 15 புள்ளி மூன்று செட் ஆட்டத்துக்கு 26 நிமிடம் என்றால் 208 நிமிடம். நான்கு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது! ஒரே செட்டில் 75 ஆக இருந்த நம்பகத்தன்மை 80 ஆகவும் கூடிவிட்டது.

நல்ல யோசனைதான். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் உலகமே அதைப் பார்த்தது.

அந்த ஒலிம்பிக்கில்தான் பூப்பந்து இரட்டையருக்குக் குழுச்சுற்று முதன்முறையாக வந்தது. எந்தக் குழுவில் எந்த இடம் பிடித்தால் யாரைச் சந்திக்க வேண்டும் என்பது முன்பே தெரியும். மகளிர் இரட்டையரில் வலுவான சீன ஜோடி ஒன்று எதிர்பாராமல் தோற்றுத் தன் குழுவில் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. உடனே மற்ற சில ஜோடிகளின் கணக்கு மாறியது. கடைசிக் குழு ஆட்டத்தில் தோற்றால் பலமான ஜோடியைச் சீக்கிரம் சந்திப்பதைத் தவிர்க்கலாம் என்று கண்டார்கள்.

வெம்ப்ளி அரங்கில் நடந்ததைப் பார்த்து ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். சர்வீஸ் வேண்டுமென்றே வலையில் விழுந்தது. ஓர் ஆட்டத்தில் மிக நீண்ட ரேலியே நான்கு அடிதான். ஜெயிக்கத்தான் யாருக்கும் மனமில்லை. மறுநாள் சீனாவின் ஒரு ஜோடி, தென் கொரியாவின் இரண்டு, இந்தோனேசியாவின் ஒன்று என நான்கு ஜோடிகள் போட்டியிலிருந்து நீக்கப்பட்டன.

தவறு செய்தவர்கள் வீராங்கனைகள். அதில் ஐயமில்லை. ஆனால் தோற்பதற்குப் பரிசு கொடுத்தது விதி. அதன் பின் சம்மேளனம் அந்த ஓட்டையை அடைத்தது: குழுவில் இரண்டாம் இடம் பெறும் ஜோடிகள் யாரைச் சந்திக்கும் என்பது குழுச்சுற்று முடிந்த பிறகே சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படும். யார் வருவார் என்று தெரியாதபோது, தோற்றுப் பயனில்லை.

அன்று நீக்கப்பட்ட எட்டுப் பேரில் ஒருவர் இந்தோனேசியாவின் கிரேசியா பொலி. ஆட்டத்தைக் கைவிடாமல் தொடர்ந்த அவர், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தோக்கியோவில் அப்ரியானி ரஹாயுவுடன் இணைந்து ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

அதே லண்டனில் இன்னொரு பாடமும் இருக்கிறது. வேறொரு குழுவில் ஜப்பான், சீன தைப்பே, இந்தியா ஆகிய மூன்று ஜோடிகளும் இரண்டிரண்டு வெற்றிகளோடு நின்றன. புள்ளி வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தபோது இந்தியாவின் ஜுவாலா கட்டா - அஸ்வினி பொன்னப்பா ஜோடி ஒரே ஒரு புள்ளியில் காலிறுதி வாய்ப்பை இழந்தது. முதல் நாள் வீணாக விட்ட ஒரு சர்வீஸ், கடைசி நாள் கதவை மூடியது.

ஆடுவதற்கு முன்பே எழுதுங்கள்

உங்கள் விதித்தாளில் இருக்க வேண்டியவை இவை.

முதலில், லீக் எதற்கு என்று முடிவு செய்யுங்கள். தாமானின் ஆகச் சிறந்த ஜோடியைக் கண்டுபிடிக்கவா? நீண்ட விதியை எடுங்கள். எல்லோரும் மகிழ்ந்து ஆடி, பலவீனமானவர்களும் ஒன்றிரண்டு ஆட்டம் வென்று வீடு திரும்பவா? குறுகிய விதியை எடுங்கள். இரண்டும் சரிதான், ஒரே விதி இரண்டையும் தராது. பலமானவரோடு பலம் குறைந்தவரைச் சேர்த்துச் சீட்டில் ஜோடி அமைப்பது மூன்றாவது வழி. ஜோடிகள் சமபலமாகிவிட்டால் எந்த விதியும் 50-50தான்.

அடுத்து, சமநிலை வந்தால் எப்படிப் பிரிப்பது? இரண்டு ஜோடிகள் என்றால் நேருக்கு நேர் மோதியதில் வென்றவர். மூன்று ஜோடிகள் என்றால் முதலில் செட் வித்தியாசம், பிறகு புள்ளி வித்தியாசம். இதை முதல் சர்வீஸுக்கு முன்பே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு விதி பேசினால், எது பேசினாலும் யாரோ ஒருவருக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

கடைசியாக, யாராவது வராமல் போனாலோ காயம் பட்டாலோ அந்த ஆட்டம் எப்படிக் கணக்கில் வரும் என்பதையும், அரையிறுதி எதிராளியைக் குழுச்சுற்று முடிந்த பிறகு சீட்டுக் குலுக்கி எடுப்போம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு விதியையும் இப்படிச் சோதியுங்கள்: "இதன்படி, தோற்பதால் யாருக்காவது இலாபம் வருமா?" 'வரும்' என்றால் அதைத் திருத்துங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரே அளவில் வெட்டிய 20 தாள்துண்டுகள், ஒரு துணிப்பை.

11 துண்டுகளில் 'அ' என்றும் 9 துண்டுகளில் 'ஆ' என்றும் எழுதிப் பையில் போடுங்கள். 11 ÷ 20 = 0.55. ஆகவே ஒரு துண்டை எடுப்பது நம் இரண்டு ஜோடிகளும் ஒரு ரேலி ஆடுவதற்குச் சமம். எடுத்ததைக் குறித்துக்கொண்டு, மறுபடி பையில் போட்டுக் குலுக்கி, அடுத்ததை எடுங்கள். போட மறந்தால் நிகழ்தகவு மாறிவிடும்.

11 புள்ளி செட்டாக 20 முறை ஆடிப் பாருங்கள். 10-10 ஆனால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். 'ஆ' எத்தனை செட் வென்றது? கணக்குப்படி ஆறு வர வேண்டும். உங்களுக்கு மூன்று வரலாம், ஒன்பதும் வரலாம். வகுப்பில் பத்துப் பேர் இதையே செய்து எல்லா முடிவுகளையும் கூட்டுங்கள். மொத்தம் 200 செட். அவற்றில் 'ஆ' வென்றது 63க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், நீண்ட ஆட்டத்தில் அதிர்ஷ்டம் கரையும் என்பதை உங்கள் கையாலேயே அளந்துவிட்டீர்கள்.